தப்பு சொல்லத் தெரியாத கம்ப்யூட்டர்

"அந்தக் குதிரைய ஏன் பின்னால எடுத்தே?"

"சும்மாதாங்க."

"சும்மா எடுத்த குதிரையா என் ராணியப் பிடிச்சிச்சு?"

"அதுவா வந்து மாட்டிக்கிச்சு. நான் என்ன செய்றது?"

கல்யாணமான முதல் மாதத்தில், மலேசியாவில் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் இருந்த வாடகை வீட்டின் முன்னறையில், மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த பேச்சு இது. வருடங்கள் போன பிறகும் அர்ச்சுனன் அதை ஒரு வார்த்தை மாறாமல் சொல்லுவான். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவான். என் பெண்டாட்டி என்னை இருபது நகர்வுக்குள் சுருட்டிவிட்டாள், ஏன் எப்படி என்று கேட்டால் சும்மா என்கிறாள் என்று சொல்லிச் சிரிப்பான். தோற்றதைப் பெருமையாகச் சொல்லித் திரிகிற புருஷனைப் பார்த்து நவமணிக்கு வெட்கமாகவும் இருக்கும், உள்ளுக்குள் இனிப்பாகவும் இருக்கும்.

சும்மா என்று அவள் சொன்னது பொய். குதிரையை ஏன் பின்னால் எடுத்தாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அர்ச்சுனன் ராணியை அவசரப்பட்டு வெளியே கொண்டுவந்தான். அது தப்பான நகர்வு. ஆனால் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண், பினாங்கில் பட்டம் படித்த புருஷனைப் பார்த்து, நீங்கள் செய்தது தப்பு என்று எப்படிச் சொல்லுவாள்? அவள் ஒரு தமிழ்ப் பள்ளியில் பாலர் வகுப்பு ஆசிரியை. ஐந்து வயதுப் பிள்ளைகளிடம்கூட அவள் தப்பு என்ற சொல்லைச் சொல்வதில்லை. பூனைக்கு ஆறு கால் போட்ட பிள்ளையிடம், "அழகா இருக்கே, இன்னொரு தடவ பூனையப் பாத்துட்டு வருவோமா?" என்று கேட்கிறவள்.

அவள் மனதில் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நவமணி தாப்பா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸராக இருந்தார். அண்ணன்மார் இரண்டு பேரும் சதுரங்கம் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே அவள் கற்றுக்கொண்டாள். பதினாறு வயதில் அண்ணன்மார் அவளோடு ஆட மறுத்தார்கள், தோற்றுப் போவதால். தாப்பாவில் வருடா வருடம் இளைஞர் மன்றம் ஒரு சதுரங்கப் போட்டி நடத்தும். பேராக் மாநிலம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அண்ணன்மார் மண்டபத்துக்குள் ஆடும்போது அவள் சன்னலுக்கு வெளியே நின்று எக்கிப் பார்த்திருக்கிறாள். பெண்கள் ஆடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. எந்தப் பெண்ணும் பேர் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். படிப்பு முடிந்து பள்ளியில் வேலை கிடைத்ததும், அடுத்த வருடம் பேர் கொடுக்கலாம் என்று இருந்தாள். அடுத்த வருடம் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

பெண் பார்க்க வந்த அன்று, பெண் சதுரங்கம் ஆடும் என்று யாரோ பேச்சுவாக்கில் சொன்னதும் அப்பா பதறிப்போய், "அதெல்லாம் சின்னப் புள்ள விளையாட்டு. கல்யாணத்துக்கு அப்புறம் வெளிய வாசல்ல போய் ஆடாது" என்றார். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். தட்டில் பலகாரம் ஏந்தி நின்ற நவமணி வாய் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்ததால் அப்பா சொன்னது அவள் சொன்னதாக ஆகிவிட்டது. அந்த வாக்கைத் திருப்பிக் கேட்க வேண்டும், ஒரே ஒரு தடவை தாப்பா மண்டபத்துக்குள் உட்கார்ந்து ஆட வேண்டும். ஒவ்வொரு வருடமும் போட்டி நெருங்கும்போது கேட்டுவிடலாம் என்று நினைப்பாள். ஒவ்வொரு வருடமும் குழம்பு தாளிப்பதோடு அந்த நினைப்பும் அடங்கிவிடும்.

அர்ச்சுனன் ஈப்போவில் ஒரு தனியார் கம்ப்யூட்டர் வகுப்பில் பாடம் எடுத்தான். எண்பத்து மூன்றாம் வருடம் வகுப்புக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சதுரங்கப் புரோகிராம் வந்தது. அதோடு ஆடித் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்தவன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

"அதுவும் உன்ன மாதிரிதான், நவா. நல்லா ஜெயிக்குது. ஏன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குது."

அன்றே அவனுக்கு அந்த எண்ணம் வந்துவிட்டது. ஆடுகிற கம்ப்யூட்டரை எத்தனையோ பேர் செய்துவிட்டார்கள். ஆடிவிட்டு, நான் இதற்காகத்தான் இப்படி ஆடினேன், நீ இதனால்தான் மாட்டிக்கொண்டாய் என்று மனுஷன் பேசுவதுபோல் பேசுகிற கம்ப்யூட்டர் வேண்டும். அதுவும் தமிழில். ஒரு விசை இருக்க வேண்டும். அதைத் தட்டினால் ஏன் என்று கேட்டதாக அர்த்தம். கம்ப்யூட்டர் பதில் சொல்ல வேண்டும்.

வகுப்பில் ஓரம் கட்டிய பழைய மெஷின் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். வீட்டு டிவிதான் அதற்குத் திரை. தமிழ்ப் படம் போடுகிற நாளில் மட்டும் கம்ப்யூட்டருக்கு விடுமுறை. அந்த உத்தரவு அர்ச்சுனனின் அம்மா முத்தம்மாவுடையது.

ஆடுகிற பகுதியை அவன் எழுதினான். பேசுகிற பகுதி அவளுக்கு. சாயங்காலங்களில் அவன் ஒவ்வொரு நிலைமையாகக் கேட்பான்: காவல் இல்லாமல் ஒரு காய் நிற்கிறது, ராஜா நடுவில் மாட்டிக்கொண்டார், ஒரே குதிரை இரண்டு காய்களை மிரட்டுகிறது, என்ன சொல்லலாம்? எந்த நிலைமையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தருவது அவன் வேலை. கண்டுபிடித்த பிறகு என்ன பேசுவது என்பது அவள் வேலை. திரையில் தமிழ் எழுத்துகூடக் கிடையாது. பாலர் வகுப்புக் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக அவளே வரைந்து கொடுத்தாள். 'ணை' என்ற எழுத்துக்குக் கட்டம் போதாமல் அவள் பட்ட பாட்டைப் பார்த்து, யானை பேரையே மாற்றிவிடலாமா என்று அவன் கேட்டான். அதற்கு 'ணை' வேண்டாம், 'னை'தான் என்று டீச்சர் திருத்தினாள். துணை என்ற சொல்லுக்காகத்தான் அவள் அந்த எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். துணை இல்லாமல் சதுரங்கத்தைப் பற்றிப் பேச முடியாது என்றாள்.

எண்பத்து ஐந்தில் கம்ப்யூட்டர் ஆடியது, பேசியது. ஒரு நகர்வை அது யோசிக்கிற நேரத்தில் முத்தம்மா ஒரு கட்டுக் கீரை ஆய்ந்துவிடுவாள். ஆனாலும் பேசியது.

செய்தி கேட்டுப் புந்தோங் வாசகசாலையில் சதுரங்கம் ஆடுகிற கூட்டம் அவர்களைக் கூப்பிட்டது. கூட்டத்துக்குத் தலைவர் உடையப்பன், தபால் நிலையத்தில் அதிகாரி, அளந்துதான் சிரிப்பார். தாப்பாப் போட்டியை நடத்துகிறவர்களிலும் அவர் ஒருவர். கம்ப்யூட்டர் உருப்படியாக இருந்தால் இந்த வருடம் தாப்பாவில் போட்டி தொடங்கும் முன் எல்லார் முன்னாலும் ஆடிக் காட்டலாம் என்று சொல்லியிருந்தார். முதலில் வாசகசாலையில் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிறு பகலில் மெஷினையும் டிவியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிரில் உட்கார்ந்தவர் ஜஹாங்கீர். பெரிய கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், வாய் ஓயாதவர், ஆட்டத்திலும் கெட்டிக்காரர். தொடங்கும் முன் அர்ச்சுனன் எழுந்து நின்று, பேச்செல்லாம் என் வீட்டுக்காரியுடையது என்று சொன்னான். நவமணி கதவோரம் நின்று முந்தானையைத் திருகினாள்.

ஜஹாங்கீர் ராணியை வேகமாக வெளியே கொண்டுவந்தார். 'ஏன்' விசையைத் தட்டினார். திரை சொன்னது: 'நல்ல சுறுசுறுப்பு. ராணி வெளியே வந்துவிட்டார்.' அவருக்கு முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, மெஷினுக்கு ஆள் யாருன்னு தெரியுது என்றார். யானையைக் காவல் இல்லாமல் விட்டார். 'யானைக்கு ஒரு துணை கிடைத்தால் மகிழ்ச்சியாக இருக்கும்' என்றது திரை. நல்ல பண்பான மெஷின் என்று பாராட்டினார். ராஜா நட்டநடுவில் நின்றார். 'ராஜா காற்று வாங்குகிறார்' என்றது. எல்லாரும் சிரித்தார்கள். அவர் எல்லாருக்கும் தேத்தண்ணி சொன்னார். தேத்தண்ணி வருவதற்குள் திரையில் 'ஆட்டம் முடிந்தது. விளையாட வந்ததற்கு நன்றி' என்று எழுத்து வந்தது. ஜஹாங்கீர் கட்டங்களைக் குனிந்து குனிந்து பார்த்தார். ராஜா மாட்டியிருந்தார்.

"ராஜா காத்து வாங்குறார்னுச்சு. சரி, நல்லாத்தானே இருக்கார்னு விட்டுட்டேன் லா," என்றார். "போறதுக்கு முன்னாடி வாங்குற காத்துன்னு எனக்கு எப்படித் தெரியும், மச்சான்?"

வாசகசாலை அதிர்ந்தது. உடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டம் நன்றாக இருக்கிறது என்று முதலில் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இது காரணம் சொல்லல, தம்பி. சமாதானம் சொல்லுது. தாப்பாவுக்குக் கொண்டுபோனா, தோத்தவன் ஒவ்வொருத்தனும் ஜெயிச்சதா நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவான்."

போட்டிக்குள் பேச்சைச் சரிசெய்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று முடித்தார். அர்ச்சுனன் சரி என்றான். யாரோ ஒருவர், பேச்சு யார் எழுதினது என்று திரும்பவும் கேட்டார், கொஞ்சம் நக்கலாகத்தான்.

"என் வீட்டுக்காரி," என்றான் அர்ச்சுனன், முதலில் சொன்ன அதே குரலில். அந்தக் குரல் கொஞ்சம்கூடத் தணியவில்லை என்பதை நவமணி கவனித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள், வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள், எனக்குத் தப்பு என்று எழுத வராது என்றாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஆடுகிறவர் விருந்தாளி மாதிரி. அவரைப் பார்த்து எப்படி அப்படிச் சொல்வது? வயதில் மூத்தவர்கள் வேறு. அர்ச்சுனன் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரிவது வேறு யாருக்கும் தெரியாது என்றான். அதோடு மெஷினில் இடமும் தீர்ந்துவிட்டது. இப்படி நீட்டி நீட்டி மரியாதை பேசினால் ஆட்டத்துக்கு இடம் இருக்காது என்றான்.

"இந்த 'முடிந்தால்', 'இருந்தால்', 'நன்றாக இருக்கும்' இதெல்லாம் எடுத்துடு, நவா. மிச்சம் என்ன இருக்கோ அதான் நீ சொல்ல வந்தது."

அவள் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்திலும் அடித்துக்கொண்டே வந்தாள். பல வாக்கியங்களில் மிச்சம் ஒன்றுமே இல்லை.

இதையெல்லாம் முத்தம்மா வெற்றிலை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிய ரப்பர் தோட்டம் ஒன்றில் வெகுகாலம் பால்மரம் வெட்டியவள். தோட்டம் துண்டு துண்டாக விற்றுப் போன பிறகு மகனோடு ஈப்போவுக்கு வந்தாள். விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கங்காணி கணக்கு மாற்றிச் சொன்னால் எல்லார் முன்னாலும் திருத்துகிறவள். இப்போது பஸ் கண்டக்டர், மீன்காரர், டிவியில் செய்தி வாசிப்பவர் யாரும் அவளிடம் தப்பிப்பதில்லை.

"தப்புன்னு சொல்ல ஏன் வராது? அதுக்கு ஒரு படிப்பா?" என்றாள். "என்னக் கேளு, நான் சொல்றேன்."

"உங்களுக்கு ஆட்டம் தெரியாதே, அத்தை."

"ஆட்டம் உனக்குத் தெரியுமில்ல. என்ன நடக்குதுன்னு நீ சொல்லு. திட்டுறது நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் மருமகள் பலகையை விரித்து வைத்தாள். மாமியார் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இந்த ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாய்களையெல்லாம் தள்ளிவிட்டார்கள், பக்கத்தில் யாரும் இல்லை என்று நவமணி சொன்னாள். முத்தம்மா எட்டிப் பார்த்தாள்.

"வீட்டத் தொறந்து போட்டுட்டு எல்லாரும் திருவிழாவுக்குப் போயிட்டானுங்களா?"

நவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை எழுதிக்கொண்டாள். ராணி தனியாக எதிரி வீட்டுக்குள் சுற்றுகிறாள் என்றாள். துணைக்கு ஆள் இல்லாம ஊர் சுத்தப் போனா இப்படித்தான், பின்னாடி நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு என்றாள் முத்தம்மா. ஒரு சிப்பாயை எடுக்க ஆசைப்பட்டு யானையைக் கொடுத்தார்கள் என்றதும், கருவேப்பிலை பொறுக்கப் போயி வளையலத் தொலைச்சாளாம் என்றாள். நாள்தோறும் இப்படியே நடந்தது. சில திட்டுகளை வெளியில் சொல்ல முடியாது. நவமணி காதைப் பொத்திக்கொண்டாள். மற்றவற்றில் 'நீ' என்பதை 'நீங்கள்' என்று மாற்றி, அதன் பின்னால் இரண்டு சொல்லில் காரணமும் சேர்த்தாள். திட்டு அத்தையுடையது, மரியாதையும் காரணமும் மருமகளுடையது. ஒவ்வொன்றின் முடிவிலும், கை கூசினாலும், 'இது தப்பு' என்று எழுதினாள். எழுத எழுதக் கூச்சம் குறைந்தது. காரணம் சொல்லிவிட்டால் அந்தச் சொல் அவ்வளவு கடுமையாக இல்லை என்று பட்டது.

கடைசியாக ஒரு நிலைமை மிச்சம் இருந்தது. ஆட்டம் பாதி முடிந்தும் ஒரு குதிரையைத் தொடாமலே வைத்திருக்கிறார்கள். அதற்கு என்ன சொல்வது?

முத்தம்மா பலகையைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"நல்ல குதிரைதானே? காலு கையெல்லாம் நல்லா இருக்கில்ல? வந்த நாள்லருந்து ஒரே எடத்துல நிக்குது. வேணும்னா வேணும்னு சொல்ல அதுக்கு வாய் இல்லையா? நாம என்ன மனசுக்குள்ள பூந்தா பாக்க முடியும்?"

நவமணியின் பென்சில் நின்றது. அத்தைக்கு ஏதாவது தெரியுமா? எப்படித் தெரியும்? முத்தம்மா அதற்குள் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு தேடப் போய்விட்டாள். நவமணி மெதுவாக எழுதினாள்.

அன்று சாயங்காலம் அர்ச்சுனன் புதுப் பேச்சையெல்லாம் தட்டி ஏற்றிவிட்டு, வழக்கம்போல் அவனே முதலில் ஆடிப் பார்த்தான். திரை அவனைத் திட்டத் திட்ட, தன் அம்மாவே டிவிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் அவள் பக்கம் திரும்பினான்.

"எல்லாருக்கும் காரணம் சொல்லிட்டே. எனக்கு இன்னும் சொல்லல. அந்தக் குதிரைய ஏன் பின்னால எடுத்தே?"

நவமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க ராணிய அவசரப்பட்டு வெளிய கொண்டாந்தீங்க. திரும்பிப் போறதுக்கு ஒரே வழிதான் இருந்துச்சு. அந்த வழிய அடைக்கத்தான் குதிரையப் பின்னால எடுத்தேன். நீங்க ஆடினது தப்பு."

அர்ச்சுனன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். கோபமோ என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இத்தனை வருஷமா என்கூட ஆடினது சும்மா ஆடல," என்றான். "என்னைப் பாத்து ஆடியிருக்கே." எழுந்து அடுப்படிக்குப் போய் அம்மாவிடம், உன் மருமகள் என்னைத் தப்பு என்று சொல்லிவிட்டாள் என்று பட்டம் வாங்கியவன்போலச் சொன்னான். தப்பு செஞ்சா சொல்லத்தான் செய்வா என்று பதில் வந்தது.

அந்த நேரத்தில் அவள் மற்றதையும் கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. போட்டிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது, அவனுக்கு ஆயிரம் வேலை என்று விழுங்கிவிட்டாள். புருஷனிடம் ஒரு நகர்வைத் தப்பு என்று சொல்வது வேறு. எனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்வது வேறு.

தாப்பாவுக்கு ஜஹாங்கீரின் கடை வேனில் போனார்கள். முன்னால் அவரும் அர்ச்சுனனும். பின்னால் டிவியை மடியில் பிள்ளைபோல் அணைத்துக்கொண்டு நவமணி, பக்கத்தில் பட்டுச் சேலையில் முத்தம்மா. வழக்கமாக இந்த இடத்தில் ஆட்டுக்கறி வரும், இன்றைக்குக் கம்ப்யூட்டருக்கு யோகம் என்றார் ஜஹாங்கீர். வழியில் சிம்பாங் பூலாயில் வேனை நிறுத்தி ஒயர்களெல்லாம் இருக்கிறதா என்று அர்ச்சுனன் ஒரு தடவை பார்த்தான். சாலையோரம் எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் கன்றுகள் வரிசையாக நின்றன. முன்பு இதெல்லாம் பால்மரம் என்று முத்தம்மா சொன்னாள். அந்த மரத்துக்கு இவ்வளவு கொசு கிடையாது என்றும், உடனே, பொய் சொல்லக்கூடாது, அதுக்கும் இருந்துச்சு என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மண்டபம் நவமணி பார்த்த அதே மண்டபம். சன்னல்கூட மாறவில்லை. உள்ளேயிருந்து பார்க்க அது சின்னதாக இருந்தது. மேசைகளில் பலகைகள் விரித்துத் தயாராக இருந்தன. வெள்ளையும் கறுப்புமாகக் காய்கள். அவள் விரல்கள் தானாக மடங்கி விரிந்தன. இரண்டாம் வரிசையில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உடையப்பன் மேடையில் ஏறி, தமிழில் காரணம் சொல்லும் சதுரங்கம் என்று அறிமுகம் செய்தார். ஆட வந்தவர் பத்துமலை, போன வருடம் கோப்பை வாங்கியவர், தாப்பாவிலேயே பள்ளி ஆசிரியர். டிவிக்கு முன்னால் கூட்டம் நெருக்கி நின்றது. திரையில் வருவதை ஜஹாங்கீர் ஒலிபெருக்கியில் வாசித்தார். வாசிப்பதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அடிபட்டவன் நான் என்று கேட்டு வாங்கியிருந்தார்.

பத்துமலை தைரியமாக முன்னேறினார். 'ஏன்' விசையைத் தட்டினார்.

'வீட்டைத் திறந்து போட்டுவிட்டு எல்லாரும் திருவிழாவுக்குப் போய்விட்டீர்களா? ராஜா முன்னால் சிப்பாய் இல்லை. இது தப்பு.'

மண்டபம் ஒரு கணம் திகைத்து, பிறகு வெடித்துச் சிரித்தது. பத்துமலையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து யோசித்தார், ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோனார். முத்தம்மா முன்வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் தோளைத் தட்டி, அந்தத் திருவிழா நான் சொன்னது, அந்தச் சிப்பாய் என் மருமக சொன்னது என்று விளக்கினாள். அடுத்த வரி வந்ததும் மறுபடியும் தட்டினாள். அந்த அம்மா திரையைப் பார்ப்பதை விட்டு முத்தம்மாவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் இறுகியது. இரண்டு பக்கமும் காய்கள் குறைந்தன. பத்துமலை நெற்றியைத் தடவிக்கொண்டார். வழி தெரியவில்லை என்று கையை விரித்துக் காட்டிவிட்டு 'ஏன்' விசையைத் தட்டினார். கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் மண்டபத்தில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எழுத்து வந்தது. ஜஹாங்கீர் நிதானமாக வாசித்தார்.

"நல்ல குதிரை. வந்த நாளிலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறது. இது தப்பு."

தான் புள்ளி புள்ளியாக வரைந்த எழுத்துகளை நவமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் இந்த முறை சிரிக்கவில்லை. பத்துமலை கடைசி வரிசையில் ஆரம்ப இடத்திலேயே நின்ற தன் குதிரையைப் பார்த்தார். அட என்று தலையில் தட்டிக்கொண்டு அதை எடுத்து வைத்தார். அந்தக் குதிரைதான் கொஞ்ச நேரத்தில் ஆட்டத்தை முடித்தது. கம்ப்யூட்டர் தோற்றுப் போனது.

கைதட்டல் நிற்கவே இல்லை. மெஷினை ஜெயித்துவிட்டேன் என்பது பெரிதில்லை, நான் எப்படி ஜெயித்தேன் என்று எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது என்று பத்துமலை ஒலிபெருக்கியில் சொன்னார். உடையப்பன் அளக்காமல் சிரித்தார். அர்ச்சுனனிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். அவன் நன்றி சொல்லிவிட்டு, ஆடினது என் மூளை, அதனால்தான் தோற்றது, பேசினது என் அம்மாவும் என் வீட்டுக்காரி நவமணியும் என்றான். கூட்டம் திரும்பிப் பார்த்துத் தட்டியது. முத்தம்மா எழுந்து நின்று கும்பிட்டாள். நவமணியையும் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

தட்டல் அடங்கியது. போட்டி தொடங்கப் போகிறது, ஆடுகிறவர்கள் மேசைக்கு வரலாம் என்று உடையப்பன் அறிவித்தார். பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"வேற யாரும் பேர் குடுக்கணுமா? இப்பவே குடுத்துருங்க."

முத்தம்மா உட்கார்ந்துவிட்டாள். நவமணி உட்காரவில்லை.

அர்ச்சுனன் மேடையிலிருந்து இறங்கி ஒயரைச் சுற்றிக்கொண்டே அவள் பக்கம் வந்தான். ஏன் நிற்கிறாள் என்று பார்த்தான். வருடக்கணக்காக அவள் மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றால், அத்தைக்கும் சம்மதம் என்றால், அப்பா அன்றைக்குச் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தால், முடிந்தால், ஒரே ஒரு தடவை. அதில் எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்தாள். முத்தம்மா கேட்காமலே மருமகளின் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஆடணுங்க," என்றாள் நவமணி, பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி. "என் பேரை எழுதச் சொல்லுங்க."